உள்ளிழுக்கும் சம்மதம்

எங்கள் பக்கத்தில் ஆம் என்பதற்குச் சொல் கிடையாது.
உண்டு, எழுதுவதற்கு.
வாயால் சொல்வதென்றால்
உதட்டைக் குவித்து ஒரு மிடறு காற்றை
வெடுக்கென உள்ளே இழுப்போம்.
ஸ்ஷுப்.
ஸ்டாக்ஹோமிலிருந்து வருகிறவர்கள் பதறுவார்கள்,
"எங்காவது வலிக்கிறதா?"

சுரங்கக் கம்பெனியின் ஆள்
என் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தபோதும்
அப்படித்தான் சொன்னேன்.
கீழே இரும்பைத் தோண்டத் தோண்ட
மேலே கிருனா விரிசல் விடுகிறது.
வீடு போக வேண்டும்.
விலையில் குறை சொல்ல முடியாது.
கையெழுத்து இங்கே,
இங்கே,
இன்னும் ஒன்று இந்த மூலையில்.
ஸ்ஷுப்.
அன்று உள்ளே போன காற்று
திரும்பி வந்ததாக நினைவில்லை.

செவ்வாயும் வெள்ளியும்
ஒரு அடித்தளத்தில் பாரம் தூக்குகிறேன்.
வயது ஐம்பத்து மூன்று.
பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வேகவைப்பவள்.
பின்னால் ஓஸ்ஸியான் நிற்பான்,
கைகளை என் விலாவோரம் வைத்து, தொடாமல்.
பகலில் அவன் வேலை
சுரங்கத்துக்குக் காற்று அனுப்புவது.
எந்தப் பாதைக்கு எவ்வளவு என்று
மீட்டரைப் பார்த்தபடி நாள் போகும்.
மாலையில் மீட்டர் நான்.

"தோளால் இழுக்காதே இங்கேலா,
தோள் ஏறினால் அது பயம்.
வயிற்றுக்கு இழு.
தொப்பைக்கு மட்டும் இல்லை,
விலாவுக்கு, இடுப்புக்கு, முதுகின் அடிக்கு.
பெல்ட் நாலு பக்கமும் இறுகுதா?
இப்போ தம் கட்டு.
உட்கார்."

எழுபத்தைந்து கிலோவோடு உட்கார்ந்தேன்.
காற்று கெட்டியாகிறது.
பாறைக்கு முட்டுக் கொடுத்ததுபோல்
உள்ளே ஏதோ ஒன்று
முதுகெலும்போடு சேர்ந்து நிற்கிறது.
எழுவதும் எனக்குச் சுலபம்தான்.
எழுந்த பிறகு விடவேண்டும் பாருங்கள்,
அதுதான் வரவில்லை.
பழைய மூச்சின்மேல் புது மூச்சு,
அதன்மேல் இன்னொன்று,
விருந்தாளி போகாத வீட்டில் விருந்தாளி.
நான்காவது முறை எழும்போது
கண்ணில் கரி பறந்தது.
கம்பி காவல் கம்பத்தில் மோதிய சத்தத்தில்
பக்கத்துப் பையன் காதுக்கருவியைக் கழற்றினான்.
நான் முழங்காலில் இருந்தேன்.

ஓஸ்ஸியான் திட்டவில்லை.
இரும்புத் தட்டின்மேல் உட்கார்ந்து
வாழைப்பழத்தை உரித்தான்.
"ராத்திரி ஒன்றரைக்கு வெடி வைக்கிறார்களே,
உனக்குக் கேட்குமா?"
கேட்கும்.
அலமாரியில் கோப்பைகள் ஒன்றையொன்று தொடும்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன்,
அவை அடங்கும்வரை.
"வெடித்ததும் முதல் வேலை புகையை வெளியேற்றுவது.
அது போகாமல் ஒருவரையும் கீழே விடமாட்டோம்."
பாதிப் பழத்தை என்னிடம் நீட்டினான்.
"பாதிக்குமேல் எழுந்ததும் பல்லிடுக்கில் கசிய விடு.
உச்சியில் மிச்சத்தையும் கொட்டு.
ஏதாவது சத்தம் போடு, வெட்கப்படாதே."

என்ன சத்தம்?
ஆம் உள்ளே போகும் சொல், உதவாது.
கம்பியை அறுபதாக இறக்கித் தோளில் ஏற்றினேன்.
வயிறு நிறைய இழுத்து, கட்டி, இறங்கி,
தொடை நடுங்க எழுந்து
உச்சியில் வாய் திறந்தபோது
தானாக வந்தது:

நேய்.

இல்லை.
எங்கள் ஊரில் இல்லையைக் காற்றை வெளியே விட்டுத்தான் சொல்லமுடியும்.
ஐம்பத்து மூன்று வருஷம் அந்த வாயை வைத்திருந்தும்
கவனித்ததில்லை.
இன்னொரு முறை. நேய்.
சமையலறைக்கு. மூலைக் கையெழுத்துக்கு.
மூன்றாவது யாருக்கென்று தெரியாது,
அதுதான் உரக்க வந்தது.
பையன் மறுபடி கருவியைக் கழற்றினான்.
எட்டு சொன்னேன், எட்டாவதில் சிரிப்பும் கலந்துவிட்டது.

ஜூனில் வீட்டை இடித்தார்கள்.
தாமதமாகச் சொன்ன இல்லைக்கு
எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை.
புதுக் குடியிருப்பில் கோப்பைகள் ஆடுவதில்லை,
ஒன்றரைக்கு வெறுமனே விழித்துக்கொள்கிறேன்,
ஒரு நீண்ட மூச்சை விட்டுவிட்டுப் புரண்டு படுக்கிறேன்.

நேற்று ஓஸ்ஸியான் கேட்டான்,
"அடுத்த வாரம் இரண்டரை கிலோ கூட்டலாமா?"

ஸ்ஷுப்.